நீதிபதி ஐயாவைப் பற்றி உனக்கு

அன்புள்ள நண்பா,

ஈப்போவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு காலையில் கோயில்வரை நடந்து போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். பேத்திக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. நம் நீதிபதி ஐயா போன வாரம் காலமானார். மண்டாய் தகனச்சாலையில் தகனம் நடந்தது. வழக்கறிஞர்களும் நம் பழைய எழுத்தர்களும் வந்திருந்தார்கள். அவர்களைவிட அதிகமாக வந்தவர்கள் கோயில் அன்னதானக் கூடத்தில் அவரோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர்கள். இரங்கலுரை ஆற்றியவர் ஐயாவின் கண்டிப்பைப் பற்றியே பேசினார். கண்டிப்பு உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்திவிட்டாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பதவியில் இருந்தவரை அவர் எந்த நிதி திரட்டும் குழுவிலும் பெயர் கொடுக்கவில்லை, நினைவிருக்கிறதா? கோயில் நிர்வாகத்தினர் வீடு தேடி வந்து கேட்டும் மறுத்துவிட்டார். "நீதிபதி கேட்டால் யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? அது நன்கொடை ஆகாது" என்றார். ஆனால் அதே கோயில் அடுக்களையில் சனிக்கிழமை விடியற்காலையில் அண்டா கழுவுவார். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் வழக்கைப் பற்றிப் பேச்செடுக்க, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். பலர் அதைத் தலைக்கனம் என்றார்கள். நாற்காலியின் கனத்தை அவர் வெளியே எடுத்து வரவே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

1991இல் நம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தொடங்கியபோதும் அப்படித்தான். மேடை வேண்டாம், துணைப்பாட வகுப்பு போதும் என்று சொல்லிவிட்டு, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. அவருக்கு அது பிடித்திருந்தது.

நீதிபதி சூர் சிங்கைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவாரே! எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, 1963இல் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். 1980இல் ஓய்வு பெற்ற பிறகு சீக்கிய சமயத்தைப் பற்றி நூல்கள் எழுதினார். 2009இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். "ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு வேலை இருந்தது, எனக்கும் இருக்க வேண்டும்" என்பார் ஐயா. சொன்னபடியே செய்தார்.

நீ ஈப்போவுக்குப் போன பிறகு நடந்தது இது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது அல்லவா? 60 வயது நிரம்பி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஓய்வு பெற்றதும் ஐயா தம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவர்களுக்கு உதவ ஆரம்பித்தார். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் மகனையோ மகளையோ கூப்பிட்டு அனுப்புவார். திட்டமாட்டார். அம்மாவுக்கு என்ன மருந்து, மாதம் என்ன செலவு, உனக்கு எவ்வளவு கடன் என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதுவார். கடைசியில் அந்தத் தாளைப் பிள்ளையின் பக்கமாகத் திருப்பி வைப்பார். பல குடும்பங்களில் விண்ணப்பமே தேவைப்படாமல் போனது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று சட்டமே பின்னால் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே அவர் இந்த வழியைப் பிடித்துவிட்டார் என்பதில் எனக்குப் பெருமை.

தம் வீட்டுக்கும் அவர் குறை வைக்கவில்லை. தம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் தலைவாரிப் பின்னிவிட்டதுகூட அவர்தான் என்று மூத்த மகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எந்தப் பொது வேலைக்கும் ஒப்புக்கொள்ளாததன் காரணம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று வீட்டில் சமையல் அவர் பொறுப்பாம்.

ஹேவ்லாக் சதுக்கத்தில் நாம் வேலை பார்த்தோமே, அந்த எண்கோணக் கட்டடம், அதில் இப்போது குடும்ப நீதிமன்றங்கள் இயங்குகின்றன. அரசு நீதிமன்றங்கள் பக்கத்துக் கோபுரத்துக்குப் போய்விட்டன. இதை அவரிடம் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தார்.

பேரப்பிள்ளைகளுக்காக அவரைப் பற்றிய நினைவுகளைப் பிள்ளைகள் தொகுக்கிறார்கள். அவருடைய அறையில் அதிக காலம் எழுத்தராக இருந்தவன் நீதான். நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதி அனுப்பு. பதினாறாம் நாள் காரியத்துக்குள் வந்தால் அன்றைக்கே மகளிடம் கொடுத்துவிடுவேன். ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படம் உன்னிடம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் சிராங்கூன் நண்பன்