அரை மணி நேரம் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேரளச் சுற்றுலாப் பகுதியில், வடக்கன் பரவூர் யூத ஜெபாலய மியூசியத்தைப் பற்றி உங்கள் நிருபர் இப்படி எழுதியிருந்தார்: "இங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குக் கிளம்பிவிடலாம்." அவருக்கு என்ன அவசரமோ! கரிமீன் ஆறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. அதற்கு மட்டும் முழுப் பக்கம், வண்ணப்படத்தோடு.

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் பரதேசி ஜெபாலயத்தை, அதாவது வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்து குடியேறிய யூதர்களுடையதை, நான் குறை சொல்லவில்லை. 1568-இல் கட்டியது, சீனத்து நீல ஓடுகள், பெல்ஜியம் விளக்குகள், எல்லாம் அழகுதான். ஆனால் கொச்சி யூதர் என்றாலே உங்கள் பத்திரிகைக்கு எப்போதும் அந்த ஓடும் விளக்கும்தான். கேரளத்தில் எட்டு ஜெபாலயங்கள் இருந்தன, அதில் பரதேசிகளுடையது ஒன்றே ஒன்று என்பது தங்களுக்குத் தெரியாததா? மற்ற ஏழும் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிய மலபார் யூதர்களுடையவை. ஆள்பலமும் அவர்கள் பக்கம்தான்.

ஏ.பி. சாலம் என்று ஒரு வக்கீல், கொச்சி சட்டசபையில் இருந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லி, அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் பரதேசி ஜெபாலயத்தில் சமமாக உட்கார விடவில்லை. காந்தி வழியில் அங்கேயே சத்தியாகிரகம் இருந்து அதை மாற்றினார் மனிதர். ஓடுகளைப் பற்றி ஆறு பாரா எழுதியவருக்கு, அந்த ஓட்டின்மேல் யார் உட்காரலாம், யார் கூடாது என்று இருந்த கதை ஒரு வரிக்குக்கூடத் தேறவில்லை.

எண்பதுகளில் வேலை நிமித்தம் பரவூரில் குடியிருந்தவன் நான். அந்த ஜெபாலயம் அப்போது பூட்டிக் கிடந்தது. ஐம்பதுகளில் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் இஸ்ரேலுக்குப் புறப்பட்டதை எங்கள் வீட்டுக்கார அம்மா சிறுமியாக இருந்து பார்த்தவர். கட்டில், பாத்திரம், அம்மி எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். வழியனுப்பப் போனதில் பாதிப் பேர் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாம். உங்கள் நிருபரோ "துரத்தப்பட்ட சமூகம்" என்கிறார். யார் துரத்தினார்கள் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்களேன்.

அப்புறம், அவர் மாடி ஏறினாரா? ஜெபாலயத்தின் நடுவில், யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க மேடை இருப்பது வழக்கம். ஆனால் மாடியில், பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு மேடை வைப்பது கேரள யூதர்களின் தனி வழக்கம். அதைக் காணாமல் பரவூரில் வேறு என்னத்தைப் பார்த்தார்? சில கிலோமீட்டரில் சேந்தமங்கலம் (நம் நாமக்கல் பக்கத்து ஊர் அல்ல). அங்கே ஜெபாலயத்தின் முன்னால் 1269-ஆம் ஆண்டு எபிரேய எழுத்தோடு சாரா என்ற பெண்ணின் கல்லறைக்கல் நிற்கிறது. அதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை.

இது புதிதல்ல. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியத்துக்குப் போய்ப் பத்திரமாக இருக்கின்றன. இங்கே விட்டுவைத்த கட்டிடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது. உங்கள் பத்திரிகையில் அன்று ஒரு துணுக்குகூட வரவில்லை. சென்னை நாள் சிறப்பிதழிலும் இதே கதைதான். 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் மன்ற உறுப்பினர்களான ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்களே, அவர்களை விட்டுவிட்டீர்களே என்று கடிதம் போட்டேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஒரு திருத்தம் மட்டும் அவசியம் வெளியிடுங்கள். உங்கள் இரண்டு நாள் பயணத் திட்டம் வாசகர்களைப் பரதேசி ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமை காலையில் அனுப்புகிறது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு குடும்பங்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டன.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோயம்புத்தூர்