கேக் வேண்டாம், செவ்வாய்க்கிழமை வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி ஒரே மாதிரியான படம் ஒன்று வருகிறது. நடுவில் கேக். சுற்றிலும் ஒரே நிறச் சட்டையில் பத்துப் பதினைந்து பேர். பின்னால் கட்டில்களில் எழுந்து உட்கார முடியாத நோயாளிகள். "பிறந்தநாளை முன்னிட்டுப் புற்றுநோயாளிகளுக்கு உணவு வழங்கப்பட்டது" என்று கீழே ஒரு வரி. அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் விளவங்கோடு வட்டத்தில் முப்பது வருஷத்துக்குப் பக்கம் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய பராமரிப்பு இல்லத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். நோய் முற்றி, இனி குணமாக்க முடியாது என்ற நிலையில் வருபவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. சம்பளம் கிடையாது, மதியம் கஞ்சியும் பயறும் உண்டு. எங்கள் பக்கம் 'பாலியேட்டிவ்' என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும் என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். இல்லத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் வரும் ஞாயிற்றுக்கிழமையே நாலு கேக் வந்து இறங்கிவிடும்.

மொத்தம் பன்னிரண்டு கட்டில். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ பார்த்துவிட்டு, இனிமேல் கீமோவும் 'கரண்டு' என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சும் பலன் தராது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். அதிலும் வாய்ப்புற்று நிறைய. பலருக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கும். கஞ்சித் தண்ணீரையும் நைசாக அரைத்த சாப்பாட்டையும் சிரிஞ்சில் எடுத்து அந்தக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் படுத்திருக்கும் அறையில் மட்டன் பிரியாணி அண்டாவைத் திறந்தால் என்ன ஆகும் என்று கொண்டு வருகிறவர் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டாரா? வாசனை மட்டும் எல்லாக் கட்டிலுக்கும் போகும். கடைசியில் சாப்பிடுவது கூட இருக்கும் உறவினர்களும் நாங்களும்தான். மிச்சத்தைப் புதைக்கக் குழி வெட்டுவதும் நாங்கள்தான்.

சாப்பாடாவது போகட்டும், படம் பெரிய தொல்லை. ஒரு முறை ஒரு குழு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் முகம் தெரியப் படுத்திருந்த அம்மா தன் நோயை நெருங்கிய சொந்தத்துக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அடுத்து நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

உதவி செய்ய நினைப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரு நாள் முப்பது பேர் வந்து போவதைவிட, ஒரே ஆள் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து மூன்று மணி நேரம் இருப்பதுதான் இந்த இடத்துக்கு வேண்டியது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நோயாளிக்குக் கூட இருக்கும் மனைவியையோ மகளையோ முதலில் வீட்டுக்கு அனுப்பலாம். பல நாளாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டுக்கு யார் தழை போட்டார்களோ என்று நினைத்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஊசி போடத் தெரிய வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க நர்ஸுக்குக் கை கொடுத்தால் போதும். திருப்பாமல் விட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். வந்த பிறகு ஆற்றுவது லேசில்லை.

எங்கள் தொண்டர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு, பதினொரு மணிக்குக் குளித்து முடித்து வந்துவிடுவார். மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களில் காலையிலேயே ஆள் நிற்கும். சவரம் செய்துவிடுவார், நகம் வெட்டுவார், பிறகு நோயாளிகளுக்குப் பேப்பர் படிப்பார். கட்டிலில் இருந்த ஒரு பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு)த் தலைப்புச் செய்தி எதுவும் வேண்டாம். "இன்னைக்கு ஷீட்டுக்கு என்ன வெல?" என்பார். ஆர்.எஸ்.எஸ். எனும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் நாலாம் தரத்தின் விலையைப் படித்துச் சொன்னால், ஒரு ரூபாய் ஏறியிருந்தாலும் அரை மணி நேரம் பேசுவார். நோயைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் கைப்பக்குவம் இல்லை. எனக்குத் தெரிந்தது படிவங்கள். பாலியேட்டிவில் அதற்கு இவ்வளவு தேவை இருக்கும் என்று அங்கே போவதற்கு முன்னால் நினைத்ததே இல்லை. கடைக்கு வர முடியாதவர்கள் தமக்குப் பதிலாக இன்னொருவரை நியமித்து ரேஷன் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் இருக்கிறது. அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சில கீமோ மாத்திரைகள் சாப்பிட்டவர்களுக்குக் கைரேகை மங்கிப் போகும். மெஷினில் விரல் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். கருவிழிக் கருவி இருக்கும் கடையில் அதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கு உயிரோடு இருப்பதற்கான ஜீவன் பிரமாண் சான்றைப் போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம், வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

வங்கி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு நோயாளி பெயரில் இருக்கும், பணம் உள்ளே இருக்கும், கையெழுத்துப் போட முடியாது. மனைவி பாஸ்புக்கை வைத்துக்கொண்டு அழுவார். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இதற்கு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். கைவிரல் வைக்க முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையும் செல்லும். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். கவுன்டரில் கேட்டால் முதலில் தெரியாது என்பார்கள். சண்டை போடாமல் மேலாளரைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் நடக்கிறது. கொஞ்சம் நினைவு இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, நாமினி பெயரையும் சரிபார்த்துவிட்டால் பின்னால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது பெரும்பாலும் மிச்சம். இதெல்லாம் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மார்த்தாண்டத்தில் மட்டும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! காலையில் டீக்கடையில் அரசியல் பேசி முடித்த பிறகு வரலாம்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா. அங்கே இந்த வேலையை ஊரே சேர்ந்து செய்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களோடு சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து ஆட்களே பொறுப்பெடுத்துக்கொள்ளும் முறை வந்தது. சேர வருகிறவர்களுக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, அப்புறம் நாலு நாள் நர்ஸோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. கடைகளில் உண்டியல் வைத்து, ஆளுக்குச் சில்லறையாகப் போட்டு, மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை கொண்டு வந்தது. பஞ்சாயத்துகளும் பணம் ஒதுக்குகின்றன. ஜனவரி 15-ஐ அங்கே பாலியேட்டிவ் நாளாகவே வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பாலியேட்டிவ் சேவையும் சேர்ந்ததுதான். நர்ஸ் வருகிறார், புண்ணைக் கட்டுகிறார், நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்லித் தருகிறார். ஆனால் அடுத்த வீட்டுக்கு அவர் போயாக வேண்டுமே. மற்ற நேரமெல்லாம் அந்தக் குடும்பம் தனியாகத்தான் கிடக்கிறது. அந்த நேரத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து எந்த அரசாலும் நிரப்ப முடியாது.

அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பின் மாத்திரையைப் பற்றிப் பலருக்கும் பயம். அது கொடுத்தால் ஆள் போய்விடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று. டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அப்படி நடப்பதை நான் பார்த்ததில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வேளை தவறாமல் கொடுப்பது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மாத்திரை தருவார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடும் நாடு நம் நாடு. அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்பின் பக்கமே போகாமல் இருந்த காலம் உண்டு. 2014-இல் சட்டத்தைத் திருத்தி அனுமதி வாங்குவதை எளிதாக்கினார்கள். கணக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டும். எங்கள் இருப்புப் பதிவேட்டில் ஒரு மாத்திரை பிசகாது. நோயாளி இறந்த பிறகு வீட்டில் மிச்சமிருப்பதை எண்ணித் திருப்பி வாங்கி வருவதும் தொண்டர் வேலைதான். ரேஷன் கடையில் சீனி இருப்பை இவ்வளவு ஒழுங்காக நான் பார்த்திருந்தால் எனக்கு விருதே கொடுத்திருப்பார்கள்.

வருகிறவர்களிடம் சில விஷயங்களை நயமாகவும் சில விஷயங்களைக் கண்டிப்பாகவும் சொல்லிவிடுவோம். "ஏன் முன்னாடியே பார்க்கல?" என்று கேட்கக் கூடாது. "எல்லாம் சரியாயிடும்" என்றும் சொல்லக் கூடாது, கட்டிலில் இருப்பவருக்கு உண்மை தெரியும். எந்தச் சாமியானாலும் சரி, நோயாளி கேட்காமல் ஜெபமோ பஜனையோ வேண்டாம். மூலிகை மருந்தைப் பையில் மறைத்துக் கொண்டு வர வேண்டாம். முக்கியமாக, வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிட வேண்டும். வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவர்களைச் சமாதானம் செய்வது கஷ்டம்.

கையில் ஏதாவது கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றால், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டி கொண்டு வரலாம். கிழித்து மடித்துப் புண் துடைக்க, அடியில் விரிக்க அதைப் போல ஒன்றில்லை. பட்டுச் சேலையும் நைலக்ஸும் எங்களுக்கு உதவாது. பெரியவர்களுக்கான டயபர், பயன்படுத்திவிட்டு வீட்டில் சும்மா கிடக்கும் காற்று மெத்தை, சக்கர நாற்காலி எதுவானாலும் வாங்கிக்கொள்வோம். பழைய பேப்பரும் வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்: கழற்றிய கட்டுத்துணிகளைச் சுருட்டிக் கட்ட உங்கள் நாளிதழின் தாள்தான் தோது.

உங்களிடம் கேட்பது இரண்டு. நோயாளிகளின் முகம் தெரியும் பிறந்தநாள் படங்களை இனி போடாதீர்கள். அந்த இடத்தில் வாரம் ஒரு நாள், மாவட்டத்தில் எந்த இல்லத்துக்கு எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு ஆள் வேண்டும் என்று நாலு வரி போடுங்கள். ஒருவர் பெயரும் படமும் வராது என்பதால் அனுப்புகிறவர்கள் குறைவாக இருப்பார்கள், நீங்களேதான் ஃபோன் செய்து கேட்க வேண்டியிருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். என்ன வெட்டினாலும் கால் பெருவிரல் ரேகை பற்றி எழுதிய பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். பாஸ்புக்கை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் யாராவது ஒருவர் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)