ஸ்கேட்டிங் க்ளப் ப்ராஜெக்ட் பத்தி பெற்றோர்களுக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த டெர்ம் நம்ம புள்ளைங்க ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டுக்கு பக்கத்துல இருக்கற ஃபிகர் ஸ்கேட்டிங் க்ளப்போட வரலாற எழுதப் போறாங்க. "ராஜா, போர்னு படிக்கறத விட்டுட்டு இது எதுக்கு மேடம்?"னு சில பேர் கேட்டீங்க, கேக்க வேண்டிய கேள்விதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், டீ குடிச்சுட்டே படிங்க.

புள்ளைங்களுக்கு நான் குடுத்திருக்கற வேலை ஒண்ணுதான். க்ளப் நோட்டீஸ் போர்டுல இருக்கற ஏதாவது ஒரு ரூல எடுத்துக்கணும், அது ஏன் வந்துச்சுன்னு தோண்டிட்டு வரணும். பதக்கம் வாங்கினவங்க லிஸ்ட் எனக்கு வேண்டாம், அத ட்ராஃபி அலமாரியப் பாத்தே யார் வேணா எழுதிடலாம்.

க்ளப்ல வைக்கற ஸ்கேட்டிங் டெஸ்ட்டையே எடுத்துக்கோங்க. லெவல் லெவலா பாஸ் பண்ணனும்னு இன்னைக்கு புள்ளைங்க அலுத்துக்கறாங்க இல்ல, இது நேத்து வந்த பழக்கம் கிடையாது. உலகத்துலயே பழைய ஸ்கேட்டிங் க்ளப்னு சொல்ற எடின்பரோ க்ளப் 18ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, அதுல மெம்பர் ஆகணும்னா ரெண்டு கால்லயும் தனித்தனியா ஒரு முழு வட்டம் போட்டுக் காட்டணும், அப்புறம் ஐஸ் மேல தொப்பிய வெச்சு முதல்ல ஒண்ணு, அடுத்து ரெண்டு, அடுத்து மூணுன்னு தாண்டணும். இதக் கேட்டதும் ஏழாங்கிளாஸ் பசங்க எல்லாரும் தொப்பியத் தேட ஆரம்பிச்சுட்டாங்க (தரையில கூட ட்ரை பண்ண வேண்டாம்னு வீட்லயும் சொல்லி வைங்க).

சேஃப்டி ரூல்ஸ் கதை இன்னும் கனமானது. அப்போ ரிங்க் (ஸ்கேட்டிங்குக்குன்னே போட்ட ஐஸ் தரை) எல்லாம் ஏது, உறைஞ்ச ஏரியும் ஆறும்தான், ஐஸ் எங்க மெலிசா இருக்குன்னு மேல நிக்கறவனுக்குத் தெரியாது. 1849ல ஃபிலடெல்ஃபியால ஆரம்பிச்ச க்ளப்ல மெம்பர்ங்க ஸ்கேட்டிங் போகும்போது கயிறு சுத்தின உருளை ஒண்ணக் கூடவே கொண்டு போகணும்னு ரூல், யாராவது உடைஞ்ச ஐஸ்குள்ள விழுந்துட்டா அத வீசி இழுக்கறதுக்கு. அப்புறம் 1861ல உயிர் காப்பாத்தற சங்கம் ஒண்ணோட அந்த க்ளப் சேந்துடுச்சு, இன்னைக்கும் க்ளப் பேர்லயே அந்தச் சங்கத்தோட பேரும் இருக்கு. சும்மா பயந்துட்டு போட்ட ரூல் இல்ல அது, பின்னாடி 1867 ஜனவரில லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் ஏரில ஐஸ் உடைஞ்சு 40 பேர் செத்துப் போனாங்க. க்ளப்னு ஒண்ணு தேவைப்பட்டதுக்கு பாதி காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது, அழகா ஆடறது ஒரு பக்கம் இருக்கட்டும், தனியா ஐஸ் மேல போகக் கூடாது.

1876ல லண்டன்ல ஜான் கேம்ஜீங்கறவர் மெஷின் வெச்சே ஐஸ் உறைய வெச்சு ரிங்க் தொறந்தாரு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குளிர்காலத்த நம்பியிருக்கற நிலைமை மாறிச்சு. ஆனா மெஷின் ஐஸ்னா செலவு, செலவுன்னா ஐஸ் ஹாக்கிக்காரங்களோட ரிங்க்கப் பங்கு போட்டுக்கணும், அதான் விடியறதுக்கு முன்னாடி ப்ராக்டிஸ். முதல் பீரியட்ல கொட்டாவி விடற புள்ளைங்கள டீச்சர்ங்க திட்டறதில்ல, கவலைப்படாதீங்க.

பொண்ணுங்களோட அம்மா அப்பா கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். 1902 உலக சாம்பியன்ஷிப்ல மேட்ஜ் சையர்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பொண்ணு ஆம்பளைங்களோட போட்டி போட்டு ரெண்டாவது வந்தாங்க, பொண்ணுங்க வரக்கூடாதுன்னு ரூல்ல எழுதவே இல்ல, யாருக்கும் அப்படி ஒண்ணு நடக்கும்னு தோணவும் இல்ல! உடனே அந்த ரூல எழுதிட்டாங்க, அது வேற கதை. 1906ல பொண்ணுங்களுக்குத் தனிப் போட்டி வந்துச்சு, 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல மேட்ஜே தங்கம் வாங்கினாங்க.

க்ளப்ல இருக்கற பெரியவங்களப் பேட்டி எடுக்கும்போது "ஃபிகர்ஸ்" பத்தி கட்டாயம் கேக்கச் சொல்லுங்க. ஐஸ்ல எட்டு மாதிரி வட்டம் வரைஞ்சு, அதே கோட்டு மேல திரும்பத் திரும்பப் போகணும், ஜட்ஜுங்க குனிஞ்சு பிளேடு போட்ட கோட்டப் பாத்து மார்க் போடுவாங்க. ஒரு காலத்துல மொத்த மார்க்குல 60 சதவீதம் இதுக்குத்தான். டிவி பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியல, ஜம்ப் ஸ்பின்னெல்லாம் பிரமாதமா பண்றவங்க ஏன் தோக்கறாங்கன்னு குழப்பம், ஃபிகர்ஸுக்கான மார்க் குறைஞ்சுட்டே வந்து 1990க்கு அப்புறம் பெரிய போட்டிகள்ல இருந்து எடுத்தே விட்டாங்க. அதுக்கு முன்னாடி கத்துக்கிட்டவங்க ஆளுக்கு ஒரு துண்டு ஐஸ்ல மணிக்கணக்கா வட்டம் போட்டிருப்பாங்க, அந்தப் பொறுமையப் பத்தி அவங்க வாயாலயே கேக்கட்டும். எனக்கென்னவோ அத முழுசா விட்டது நஷ்டம்தான்னு படுது, கோச்சுங்க சில பேர் ஒத்துக்க மாட்டாங்க.

பெரிய க்ளாஸ் பசங்க 1961 பத்தியும் படிப்பாங்க. ப்ராக்ல நடக்க இருந்த உலக சாம்பியன்ஷிப்புக்குப் போன அமெரிக்க டீம் 18 பேரும், கூடப் போன கோச்சுங்களும் குடும்பத்துக்காரங்களும், பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல விமான விபத்துல போயிட்டாங்க. அந்த வருஷப் போட்டியவே ரத்து பண்ணிட்டாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு இதச் சொல்லப் போறதில்ல.

இப்போ உங்ககிட்ட கேக்கறது. பழைய போட்டோ, டெஸ்ட் சர்ட்டிஃபிகேட், பேட்ஜ், காலுக்குப் பத்தாம பரண்ல கிடக்கற ஸ்கேட்ஸ் எது இருந்தாலும் பேர் எழுதி க்ளாஸ் டீச்சர்கிட்ட குடுத்து விடுங்க, டிஸ்ப்ளே முடிஞ்சதும் பத்திரமா திரும்பி வரும். பிளேடுக்குக் கண்டிப்பா கவர் போட்டிருக்கணும். ஷோவுக்கு ட்ரெஸ் தெச்சவங்க, பாட்டு கேசட் போட்டவங்க, கேட்ல டிக்கெட் கிழிச்சவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா பேட்டிக்குப் பேர் குடுங்க, பாதி கதை அவங்ககிட்டதான் இருக்கு. பர்மிஷன் ஸ்லிப் வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்