டீ மெஷின்ல சர்க்கரை, சுவத்துல வெல்னஸ் போஸ்டர்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், பதினோரு வருஷமா ஒரே சேர். இந்த வருஷமும் எங்க ஆபீஸ்ல வெல்னஸ் வீக் வந்துச்சு, ஹெச்.ஆர். எல்லாருக்கும் ஒரு டி-ஷர்ட், ஒரு தண்ணி பாட்டில் குடுத்து ஒரு ஆப் போட சொன்னாங்க, ஒரு மாசத்துல யார் அதிகமா நடக்குறாங்களோ அவங்களுக்கு வவுச்சர். ஜெயிச்ச பையன் என்ன பண்ணிருக்கான்னா போனை புள்ளையோட தொட்டில்ல கட்டி ஆட்டிருக்கான், குழந்தையும் தூங்குச்சு ஸ்டெப்ஸும் ஏறுச்சுன்னு அவனே சொல்லி சிரிக்கிறான்.

நெஜமா நடக்குறது எங்க ஃப்ளோர் ஹவுஸ்கீப்பிங் அக்கா. காலைல ஏழு மணிலேர்ந்து கால் நிக்கிறதில்ல. ஆனா கான்ட்ராக்ட் ஆளாச்சே, ஆப்லயும் பேர் இல்ல, பிபி சுகர் பாக்குற கேம்ப்லயும் இல்ல. கடைல வேலை பாக்குறவங்க உக்கார இடம் குடுக்கணும்னு 2021லயே நம்ம ஸ்டேட்ல சட்டம் திருத்தியாச்சு, அடுத்த தடவ தி.நகருக்கு புடவை எடுக்க போனா எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.

எனக்கு மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 6.1. பார்டர்னு டாக்டர் சொன்னார், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடம்மான்னார். லஞ்ச் பிரேக் அரை மணி நேரம், அதுல லிஃப்டுக்கு நிக்கவே பாதி போயிடும், சரி படில இறங்குவோம்னா அது ஃபயர் எக்ஸிட், கதவ தொறந்தா அலாரம் அடிக்கும். நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர்னு 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வ முன்ன நின்னு நடத்துனதே நம்ம சென்னைல இருக்குற மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்தான், அதே ஊர்ல படிக்கட்டுக்கு பூட்டு.

அப்புறம் அந்த டீ மெஷின். பவுடர்லயே பாலும் சர்க்கரையும் கலந்து வருது, சர்க்கரை வேணாம்னு சொல்ல அதுல பட்டனே கிடையாது. கப்புக்கு ரெண்டு ஸ்பூன்னு வச்சாலும் நாலு கப்புக்கு எட்டு, ஸ்பூனுக்கு 4 கிராம்னா 32 கிராம் ஆச்சு. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்களுக்கு நாலு மணிக்குள்ளயே அது தாண்டிடும், கூட நாலு கிரீம் பிஸ்கட் வேற. மெஷினுக்கு நேர் மேல 'உங்கள் உடல் உங்கள் சொத்து'ன்னு போஸ்டர் ஒட்டிருக்காங்க!

யோகா மாஸ்டர கூட்டிட்டு வர்றத நான் தப்பு சொல்லல, ஜாலியாதான் இருந்துச்சு. ஆனா வருஷத்துல ஒரு வாரம் யோகா, மிச்ச நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு ஆபீஸ் போன் கால்னா அது எதுக்கு சார்? லஞ்ச் பிரேக்க பதினஞ்சு நிமிஷம் கூட்டுங்க, படிய தொறந்து விடுங்க, இதுக்கெல்லாம் ஆப் வேணாம். வேலை எடத்துக்கே வந்து சுகர் பிபி பாக்குற 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்த 2024ல அரசு ஆரம்பிச்சுது, நம்ம எடத்துக்கு வருவாங்களான்னு நிர்வாகம் ஒரு வார்த்தை கேக்கலாம்ல, வந்தா அக்காவையும் வரிசைல நிக்க விடணும்.

சர்க்கரை இல்லாத டீ பவுடர் வாங்கலாமான்னு போன மாசம் மெயில் போட்டேன். வெண்டர் கான்ட்ராக்ட் மார்ச் வரைக்கும் இருக்காம். அதுவரைக்கும் வீட்லேர்ந்து ஃபிளாஸ்க்ல கொண்டு போறேன், பக்கத்து சீட்டுக்காரங்க ரெண்டு பேரும் இப்ப அதுல பங்குக்கு வந்துட்டாங்க.

இப்படிக்கு,
துரைப்பாக்கம் வாசகி