எழுதுவதை நிறுத்தாதே

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. தங்கச்சியையும் குட்டியையும் விசாரித்ததாகச் சொல்.

நீ அனுப்பிய வாட்ச் ரிப்பேர் வீடியோவை நேற்று ராத்திரி பார்த்தேன். அதோடு ஒரு வரி எழுதியிருந்தாயே, "இனிமேல் எழுத்தெல்லாம் வேண்டாம்டா, வீடியோ மட்டும்தான்" என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் வாத்தியார் பஞ்சாயத்துக்கு வருவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். பேலன்ஸ் வீலை, அதான் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரத்தை, இறக்குகிற இடம் பிரமாதம். இடுக்கி முனையில் அதன் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்பிரிங் தொங்குகிறது, நீ மூச்சை அடக்கிக்கொள்வது கேட்கிறது, அச்சுமுனை அதைத் தாங்குகிற கல்லில் உட்கார்ந்த மறுநொடி சக்கரம் தானாக ஆட ஆரம்பிக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். இதே வேலையை நீ முன்பு மூன்று பத்தியில் எழுதியிருக்கிறாய், நல்லாத்தான் எழுதியிருந்தாய். ஆனால் கை எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இந்த மாதிரி வேலைக்கு வீடியோதான், சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் செய். அந்தப் பழைய வாட்ச் மணிக்கு 18,000 தட்டு ('டிக்' சத்தம்), அதாவது நொடிக்கு 5. நொடிக்கு 30 படம் என்று எடுத்தால் ஒரு தட்டுக்கு 6 படம்தான் கிடைக்கும். உன் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷன் இருந்தால் அதில் எடு, ஒரு தட்டுக்கு 48 படம் வரும். சக்கரங்களைத் தட்டுக்குத் தட்டு பிடித்து விடுகிற கவை, அந்த பேலட் ஃபோர்க், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுவதை நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வீடியோவின் பின்பாதியில் கேமராவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு "வாட்ச் ஏன் வேகமாக ஓடுகிறது" என்று பேசினாயே, அதை ஏன்டா பேசினாய்? அது எழுத வேண்டிய விஷயம். காந்தம் ஏறினாலும் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் வாட்ச் வேகமாக ஓடும். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடுகிறதா என்று பார், ஆடினால் வாட்சில் ஏறிய காந்தத்தை நீக்கு, அதன்பிறகும் ஒட்டினால் கழுவு. இதைத் தேடி வருகிறவன் எப்படிப்பட்டவன்? வாட்சைத் திறந்துபோட்டு மேசையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவன். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. எழுத்தில் கண்ணை ஓட்டி எடுத்துக்கொள்வான். வீடியோவில் முன்னும் பின்னும் இழுத்து, உன் வணக்கத்தையும் முன்னுரையையும் தாண்டி வர வேண்டும்.

திருத்தத்தையும் யோசித்துப்பார். பேலட் ஃபோர்க்கைக் கழற்றும் முன் சாவி கொடுத்தால் முறுக்கேறுகிற மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரங்கள் தறிகெட்டுச் சுற்றி அச்சுமுனை உடையலாம். இதை யார் எழுதினாலும் வரிசை மாறிப்போக வாய்ப்பு உண்டு. எழுத்தில் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். யூட்யூபில் போட்ட வீடியோவில் தப்பான பகுதியை வெட்டி எடுக்கலாம், ஆனால் அதே சுட்டியில் புதுசாக மாற்றிப் போட முடியாது. புதிதாக ஏற்றினால் பழைய சுட்டியில் வருகிறவன் பழையதைத்தான் பார்ப்பான்.

எழுத்தில் காசு இல்லை என்று வாத்தியார் சொன்னாராம். அவர் எதற்குத்தான் கணக்குப் பார்க்கவில்லை! இதற்கும் பார்க்கச் சொல். யூட்யூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது 2,40,000 நிமிடம். ஒரு ஆள் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை. ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ வழியில் போனால், மணி நேரத்துக்குப் பதில் 90 நாளில் ஒரு கோடி பார்வை. வரக்கூடாது என்று சொல்லவில்லை, வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஆனால் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஹேர்ஸ்பிரிங்கை விட்டுவிட்டு பளபளப்பான டயலாகப் பார்த்துக் காட்ட ஆரம்பித்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தப் பின்பாதியில் ஓர் இடத்தில், கிடையாக வைத்தால் ஒரு வேகம், நிமிர்த்தி வைத்தால் வேறு வேகம் என்று சொல்லிவிட்டு, "அது அப்படித்தான் வரும்" என்று கையை ஆட்டிக் கடந்துபோனாய். நீ எழுதுகிறவனாக இருந்தபோது அந்த வாக்கியத்தை விட்டிருக்கவே மாட்டாய். "ஏன் அப்படி வரும்?" என்று நிறுத்தி, வாட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து அளந்து, பேலன்ஸ் வீலின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, அச்சுமுனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போயிருப்பாய். பேசும்போது குரலும் முகமும் ஓட்டையை மூடிவிடுகின்றன, கேட்கிறவனும் தலையாட்டிவிடுகிறான். தாளில் அந்த வசதி கிடையாது. உனக்குத் தெரிந்ததில் பாதி, எழுதும்போது நீ முட்டிக்கொண்டு நின்ற இடங்களில் கற்றதுடா. அதை விட்டுவிட்டால் வாசகனைவிட முதலில் நஷ்டப்படுகிறவன் நீதான்.

சின்ன மாமாவை மறந்துவிட்டாயா? காது கேட்காது, ஆனால் நீ எழுதியது ஒன்றையும் விடாமல் படித்தவர். உன் வீடியோவில் அவருக்கு என்ன இருக்கிறது? முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் அதையே சப்டைட்டிலாகவும் போடலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கைவேலையை மட்டும் படம் எடு. முகம் வேண்டாம், மேலிருந்து கையும் வாட்சும் தெரிந்தால் போதும். காரணம், கண்டுபிடிக்கும் முறை, அளவுகள் எல்லாவற்றையும் எழுது. எழுத்தில் அந்தந்த இடத்தில் வீடியோவைச் சேர், வீடியோவுக்கடியில் கட்டுரையின் சுட்டியைக் கொடு. வீடியோவின் ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்குகிறது என்று நேரக்குறிப்பும் போட்டுவிடு: முதல் பகுதி 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதியாவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக்கூடாது.

கேமராவுக்குச் செலவு செய்யாதே, உன் போனே போதும். சட்டையில் குத்துகிற மைக் ஒன்று வாங்கு. அறை எதிரொலிக்கிறது, பாதி வார்த்தை பிடிபடவில்லை. திரைச்சீலை போட்ட உள் அறைக்கு மேசையை மாற்றினாலே கொஞ்சம் அடங்கும்.

கிடையாக வைத்தால் ஒரு வேகம், நிமிர்த்தினால் வேறு என்கிற அந்த விஷயத்தை முதலில் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படித்துவிட்டு எங்கே புரியவில்லை என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்