இஸ்லாமிய வங்கியும் நம் சம்பளமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சாலை வரி புதுப்பிக்கவும் வருமான வரிக் கணக்குக் கொடுக்கவும் எங்கள் கிள்ளான் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சில காலமாக ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "பேங்க் ராக்யாட்டில் கடன் தருகிறார்களாமே, நாங்கள் முஸ்லிம் இல்லை, எங்களுக்கும் தருவார்களா?" என்பது ஒன்று. "அங்கே வட்டியே கிடையாதாமே?" என்பது இன்னொன்று. பேங்க் ராக்யாட் இஸ்லாமிய முறையில் நடக்கிற வங்கி என்பதால்தான் இந்தக் கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: தருவார்கள். மலேசியாவில் இஸ்லாமிய வங்கியில் கணக்குத் திறக்கவும் கடன் வாங்கவும் மதம் தடையில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த மடல்.

முதலில், இந்த வங்கிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹஜ் பயணத்துக்குப் பணம் சேர்க்க விரும்பிய கம்பத்து (கிராமத்து) மக்கள், வட்டி மார்க்கத்தில் கூடாதது என்று அஞ்சி, வங்கிப் பக்கமே போகாமல் வீட்டிலேயே காசைச் சேர்த்து வைத்தார்கள். போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். போய்த் திரும்பி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரு வழி சொல்லி 1959-இல் பேராசிரியர் உங்கு அசிஸ் ஒரு திட்டம் எழுதினார். அதிலிருந்து 1963-இல் ஒரு சேமிப்பு நிறுவனம் பிறந்தது. இன்று நாம் தாபோங் ஹாஜி என்று அறிவது அதைத்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 1983-இல், இஸ்லாமிய வங்கிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி 8 கோடி வெள்ளி (ரிங்கிட்) மூலதனத்தோடு பேங்க் இஸ்லாம் கதவைத் திறந்தது. நாட்டின் முதல் இஸ்லாமிய வணிக வங்கி அது. அதன் பங்குதாரர்களில் தாபோங் ஹாஜியும் ஒன்று. சாதாரண மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசு அந்த வங்கிக்குள்ளும் இருந்தது என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

பேங்க் ராக்யாட்டின் கதை வேறு. அது வணிக வங்கி இல்லை, கூட்டுறவு வங்கி. 1954-இல் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடித் தொடங்கியது. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா அம்மா பங்கு வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறுப்பினர்தான் பங்குதாரர், லாபம் வந்தால் ஈவுத்தொகை. 1970-களின் நடுவில் பேங்க் ராக்யாட் பெரும் நட்டத்தில் சிக்கியது. நம்பிக்கை மோசடி வழக்கில் ஒரு முன்னாள் மந்திரி புசாரே (மாநில முதலமைச்சரே) தண்டிக்கப்பட்டார். அரசு 1978-இல் தனிச் சட்டம் போட்டு வங்கியைக் காப்பாற்றியது. அப்புறம் 1993-இல் இஸ்லாமிய முறையில் அடியெடுத்து வைத்து, அடுத்த பத்து ஆண்டுகளில் முழுக்க அந்த முறைக்கே மாறிவிட்டது. பேங்க் இஸ்லாமும் 2000-களின் நடுவில் பெரும் நட்டம் கண்டு, புது மூலதனம் போட்ட பிறகுதான் எழுந்தது. பெயரில் மதம் இருப்பதால் ஒரு வங்கி தவறாது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வட்டி விஷயத்துக்கு வருவோம்.

இஸ்லாமிய வங்கி உங்களுக்குப் பணத்தைக் கடனாகக் கொடுத்து அதன்மேல் வட்டி போடாது. ஒரு பொருளை வாங்கி, லாபம் சேர்த்து, தவணைக்கு உங்களிடம் விற்கும். இன்று தனிநபர் கடன்களில் பெரும்பாலும் நடப்பது 'தவர்ருக்' என்ற முறை. வங்கி சந்தையில் ஒரு சரக்கை வாங்குகிறது. பல நேரங்களில் அது செம்பனை எண்ணெய். இதற்கென்றே 2009-இல் பங்குச் சந்தை நிறுவனமான பூர்சா மலேசியா ஒரு மின்சந்தையைத் தொடங்கியது. வாங்கிய எண்ணெயை வங்கி லாபத்தோடு உங்களுக்குத் தவணையில் விற்கிறது. உடனே உங்கள் சார்பில் அதை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறது. அந்த ரொக்கம் உங்கள் கணக்கில் விழுகிறது. நீங்கள் எண்ணெயைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் தாள்களில் "என் சார்பில் வாங்கவும் விற்கவும் வங்கிக்கு அனுமதி தருகிறேன்" என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து எங்களுக்குப் போன் செய்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அது இதற்காகத்தான்.

ஆக, வட்டி இல்லை. ஆனால் லாபம் உண்டு, அதைக் கட்டுவது நீங்கள்தான். கணக்குக்காக ஒன்று பார்ப்போம். 20,000 வெள்ளி வாங்குகிறீர்கள், லாப விகிதம் ஆண்டுக்கு 6 விழுக்காடு, குறையும் நிலுவையின்மேல் கணக்கு. பத்து ஆண்டு என்றால் மாதம் சுமார் 222 வெள்ளி, மொத்தம் ஏறக்குறைய 26,645 வெள்ளி. அதையே ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 387, மொத்தம் 23,199. மாதத் தவணை சிறியதாக இருக்கிறதே என்று பத்து ஆண்டு போடுகிறவர்தான் அதிகம். வேறு வழி இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

ஒப்பந்தத்தில் 'விற்பனை விலை' என்று ஒரு தொகை இருக்கும். லாப விகிதம் ஏறி இறங்கும் கடனாக இருந்தால் அந்தத் தொகையைப் பார்த்ததும் தலை சுற்றும். காரணம், அது உச்சவரம்பு விகிதத்தில் போட்ட கணக்கு. உச்சம் 10 விழுக்காடு என்றால் அதே 20,000-க்குப் பத்து ஆண்டில் விற்பனை விலை 31,700 வெள்ளியைத் தாண்டும். நடப்பு விகிதம் அதைவிடக் குறைவாக இருக்கும்வரை வித்தியாசத்தை வங்கி தள்ளுபடி செய்துகொண்டே வரும். நம் பக்கத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு: விகிதம் எவ்வளவு ஏறினாலும் அந்த விலைக்கு மேல் லாபம் என்று ஒரு காசு கேட்க முடியாது. முன்கூட்டியே கட்டி முடித்தாலும் தள்ளுபடி உண்டு. அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி.

தவணை தவறினால்? தண்ட வட்டி கிடையாது, ஆனால் இழப்பீடு உண்டு. தவணைக் காலத்துக்குள் அது நிலுவைத் தவணையில் ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் போகாது, அதன்மேல் மறுபடி கூட்டுவதும் இல்லை. அதற்காக மெத்தனம் வேண்டாம். மற்ற எல்லா வங்கிக் கடன் போலவே இதுவும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்னும் கடன் பதிவேட்டில் ஏறும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது தெரியவரும்.

அரசு ஊழியர்களுக்குத் தவணை பெரும்பாலும் சம்பளத்திலேயே பிடித்தம். இந்தப் பிடித்தம் செய்யும் வேலையைப் பார்க்கிற கூட்டுறவு அமைப்புகளில் பெரியது அங்காசா, 1971-இல் தொடங்கியது. முன்னே சொன்ன உங்கு அசிஸ்தான் அதற்கும் பல்லாண்டு தலைவராக இருந்தார். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசு ஊழியருக்கான கட்டுப்பாடு. தனிநபர் கடனைப் பத்து ஆண்டுக்கு மேல் நீட்டக் கூடாது என்று 2013-இல் பேங்க் நெகாரா அறிவித்தது. 60 வரை அனுமதி இருக்கிறது என்பதற்காக 60 வரை போய்விடாதீர்கள். மிச்சம் 40-இல் வாடகை, பள்ளிச் செலவு, மளிகை எல்லாம் அடங்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள், உங்கள் நிறுவனம் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை அடகு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் அவசரம் என்றால் கழுத்துச் சங்கிலிதானே முதலில் இறங்குகிறது! 1992-இல் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் தொடங்கிய அர்-ராஹ்னு என்னும் இஸ்லாமிய அடகு முறையை அடுத்த ஆண்டே பேங்க் ராக்யாட் எடுத்துக்கொண்டது. சாதாரண அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி போகும். அர்-ராஹ்னுவில் செலவு பொதுவாக இதைவிடக் குறைவு. நகை ஏலத்துக்குப் போனாலும் கடனும் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்குத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல இடங்களில் வட்டிக்குப் பதிலாக வாங்கும் நகைப் பாதுகாப்புக் கட்டணத்தை நீங்கள் வாங்கிய தொகையில் கணக்கிடுவதில்லை, நகையின் மதிப்பில் கணக்கிடுகிறார்கள். 10,000 வெள்ளி நகையை வைத்து 2,000 மட்டும் வாங்கினால் கட்டணம் உறுத்தும். தேவைக்கு ஏற்ற ஒரு நகையை மட்டும் கொண்டுபோங்கள், மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

சேமிப்புக்கு ஒரு வார்த்தை. பேங்க் இஸ்லாம் போன்ற வணிக வங்கிகளில் போடும் வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் என்னும் அரசு வைப்புக் காப்புறுதி நிறுவனத்தின் காப்பு உண்டு. பேங்க் ராக்யாட் அந்தக் காப்புத் திட்டத்தில் சேராதது. அது மேம்பாட்டு நிதி நிறுவனங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவின் மேற்பார்வையில் இருக்கிறது. பெருந்தொகை போடுகிறவர்கள் இந்த வித்தியாசம் தெரிந்து போடுங்கள்.

வாட்சப்பில் "உடனடி இஸ்லாமியக் கடன், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள். கடன் தருவதற்கு முன்பு உங்களிடம் பணம் கேட்கிறவர் வங்கிக்காரர் இல்லை.

நாங்கள் எந்த வங்கிக்கும் முகவர் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு வங்கி கொடுத்த விளக்கத் தாளையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துவாருங்கள். விற்பனை விலை எவ்வளவு, நடப்பு லாப விகிதம் எவ்வளவு, தக்காஃபுல் என்னும் இஸ்லாமியக் காப்புறுதிக்கு எவ்வளவு பிடித்துக்கொண்டு கையில் எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை கூட்டமாக இருக்கும். வார நாளில் மாலை வந்தால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அலுவலகத்தார், கிள்ளான்