பார்ப்பதைச் சொல்லிவிட்டுப் பாருங்கள்: புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் ஒரு மெடிக்கல் பில்லிங் (நோயாளிகளின் சிகிச்சைக் கட்டணக் கணக்கு போடும்) அலுவலகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். கடலூர், பாகூர் பக்கத்துப் பெண்கள் சிலர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். கம்பெனி லேப்டாப்பில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. "நேத்து பேங்க் பேலன்ஸ் பார்த்துட்டு இருந்தீங்களே" என்று மேலாளர் ஒரு பெண்ணிடம் கேட்டபோதுதான் எங்கள் திரையைக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தது.

கண்காணிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாங்கள் கையாள்வது அமெரிக்க நோயாளிகளின் விவரங்கள். வெளியே போனால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். கணினியும் அவர்களுடையது, சரி. ஆனால் திரையை அடிக்கடி படமெடுக்கும் மென்பொருளுக்கு அலுவலக வேலை எது, என் ஸ்கேன் ரிப்போர்ட் எது என்று தெரியாது. தட்டச்சைப் பதிவு செய்வது பாஸ்வேர்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் பூட்டுப் படம் இருக்கிறதே, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். கம்பெனி தன் சான்றிதழை (பிரவுசர் தன்னை நம்பும்படி செய்யும் டிஜிட்டல் கோப்பை) லேப்டாப்பில் ஏற்றியிருந்தால், அந்தப் பூட்டு இருக்கும்போதே நடுவில் பிரித்துப் படிக்கலாம். வீட்டில் கேமராவை ஆன் செய்தே வைக்கச் சொன்னால், பின்னால் பாய் விரித்துப் படுத்திருக்கும் மாமியாரும் பதிவாகிறார். அவர் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்புறம் வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் சிக்கல். வேலை தொடர்பாகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் தடுக்கவும், ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்கிறது 7ஆம் பிரிவு. முன்னறிவிப்பு தரச் சொல்லும் 5ஆம் பிரிவு, சம்மதம் கேட்கும் இடத்துக்கு மட்டும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் 11ஆம் பிரிவு உரிமையும் சம்மதம் தந்தவருக்கே. எங்களிடம் சம்மதமே கேட்பதில்லை, அதனால் இரண்டும் இல்லை. தரவைப் பத்திரமாக வைக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. எடுத்ததைச் சொல்லாமல் விட்டதற்கு?

ருமேனியாவில் யாஹூ மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக 2007இல் வேலை இழந்த பார்புலெஸ்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2017இல் வென்றார். சொந்த உபயோகம் கூடாது என்று அந்தக் கம்பெனியில் விதியே இருந்தது. இருந்தும், கண்காணிப்பு எந்த அளவில் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பதை அந்த நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது.

சட்டத்தைத் திருத்துவது டெல்லியின் வேலை. நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமே. நியமனக் கடிதத்தோடு தமிழில் ஒரு பக்கம் தரச் சொல்லுங்கள்: என்ன பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஷிப்ட் முடிந்ததும் நிற்குமா. வீட்டில் வேலை செய்பவரின் கேமரா மீட்டிங் நேரத்தில் மட்டும் போதும். கழிப்பறை போன நிமிடங்களை 'ஐடில்' (வேலை செய்யாத நேரம்) என்று கணக்கெழுதிச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டோடு அந்த ஒரு பக்கத்தையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பில்லிங் ஊழியர்,
லாஸ்பேட்டை